ஊசி குத்தினால் டிஸ்க் உள்ளே போகுமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு வயது 47. இருப்பது வெள்ளவத்தை, புடைவைக் கடை புறக்கோட்டை கெய்சர் வீதியில். நான்கு மாதத்துக்கு முன் ஒரு துணிக்கட்டைத் தூக்கி நிமிரும்போது நாரி பிடித்துக்கொண்டது. ஒரு கிழமையில் நாரி நோ குறைந்து இடது காலுக்கு இறங்கிவிட்டது. தொடையின் பின்பக்கத்தில் தொடங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கமாகப் பெருவிரல் வரை இழுக்கிறது. இருமினால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். பெருவிரல் பக்கம் விறைப்பு. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘எல்4–எல்5 டிஸ்க் எக்ஸ்ட்ரூஷன், இடது எல்5 நரம்பு வேரில் அழுத்தம்’ என்று போட்டிருக்கிறது. குளிசையும் பிசியோதெரபியும் செய்து பார்ப்போம், குறையாவிட்டால் ஒப்பரேஷன் என்கிறார் சத்திரசிகிச்சை நிபுணர். போன கிழமை மச்சான் என்னை ஓர் அக்குபங்சர் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சுவரில் ஒரே ஆளின் இரண்டு ஸ்கான் படங்கள் தொங்குகின்றன. முதலாவதில் டிஸ்க் வெளியே தள்ளி நிற்கிறது, இரண்டாவதில் அதைக் காணவில்லை. 30 தடவை குத்தினால் உள்ளே போய்விடுமாம், சீனாவில் ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்களாம். காசை முன்கூட்டியே கட்ட வேண்டும். நம்பலாமா? நரம்பு வலிக்குத் தந்த பிரிகாபலின் குளிசை போட்டால் தலை சுற்றுகிறது, கடையில் கணக்குப் பிழைக்கிறது. அதை நிறுத்தலாமா? எனக்குச் சீனி வருத்தமும் உண்டு. கடைசியாக ஒன்று: ஆடிவேலுக்குத் தேரோடு நடப்பதாக நேர்த்தி வைத்திருக்கிறேன். நடக்கலாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்: வணக்கம். முதலில் அந்தச் சுவருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான்.

அந்த இரண்டு படங்களும் ஒரே ஆளுடையவையாகவே இருக்கலாம். பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஏனென்றால் அப்படிப்பட்ட சோடிப் படங்கள் என் நோயாளிகளிடமும் இருக்கின்றன. அவர்களில் ஊசி குத்தியவர்களும் உண்டு, பிசியோதெரபி மட்டும் செய்தவர்களும் உண்டு, வெளிநாட்டிலிருந்து மகள் வரட்டும் என்று ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தவர்களும் உண்டு. டிஸ்க் சுருங்கியது மூன்று வகையினருக்கும் நடந்திருக்கிறது.

கொழுக்கட்டை அவிக்கும்போது சிலவற்றின் ஓரம் வெடித்து உள்ளே வைத்த பயறும் சர்க்கரையும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் அல்லவா? முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்கும் ஏறக்குறைய அப்படித்தான். சுற்றிவர நார் வளையம், நடுவில் பசை போன்ற கரு. வளையம் கிழிந்தால் கரு வெளியே வந்து பக்கத்தில் போகும் நரம்பு வேரில் முட்டுகிறது. வெளியே வந்ததை எவராலும் திரும்ப உள்ளே தள்ள முடியாது. ஊசியாலும் முடியாது, உருவி விடுவதாலும் முடியாது, கால் கட்டி இழுப்பதாலும் முடியாது. சத்திரசிகிச்சை நிபுணர்கூட அதை உள்ளே தள்ளுவதில்லை, வெட்டி எடுத்துவிடுகிறார். ஆனால் உடம்பு வேறொரு வேலை செய்கிறது. அந்தக் கரு பிறந்ததிலிருந்து வளையத்துக்குள் அடைபட்டிருந்த சாமான். வெளியே வந்ததும் நோய் எதிர்ப்புக் கலங்கள் அதை அந்நியப் பொருளாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கின்றன. அதனால்தான் அதிகமாக வெளியே வந்தவையே அதிகமாகக் கரைகின்றன. சத்திரசிகிச்சை செய்யாதவர்களைத் திரும்ப ஸ்கான் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். வெறுமனே பிதுங்கிய டிஸ்க்குகளில் 13 வீதம்தான் சுருங்கியிருந்தன. கொஞ்சம் வெளியே தள்ளி, ‘புரொட்ரூஷன்’ என்று எழுதப்பட்டவற்றில் 41 வீதம். வளையம் கிழிந்து கரு வெளியே வந்த, உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ‘எக்ஸ்ட்ரூஷன்’ வகையில் 70 வீதம். துண்டாகக் கழன்று விழுந்தவற்றில் 96 வீதம். அந்தச் சொல்லைப் படித்துவிட்டு எத்தனை இரவு நித்திரை கொள்ளாமல் இருந்தீர்களோ தெரியாது. இந்த விஷயத்தில் அது நல்ல சொல். சிறிய ஆய்வுகளைக் கூட்டி எடுத்த கணக்கு என்பதால் இலக்கங்களை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள், போகும் திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இப்போது 30 தடவைக்குக் காசு கட்டி, ஆறேழு மாதத்தில் மறுபடி ஸ்கான் எடுத்தால் உங்கள் டிஸ்க் சுருங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் படமும் அந்தச் சுவரில் ஏறும். ஊசிக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

சரி, சீன ஆராய்ச்சிக்கு வருவோம். அதுவும் பொய்யில்லை. அவர்கள் சொல்வது பெரும்பாலும் 2024இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வாகத்தான் இருக்கும். டிஸ்க் காரணமாக நாட்பட்ட கால் இழுவை உள்ள 220 பேர், சீனாவின் ஆறு பெரிய வைத்தியசாலைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உண்மை ஊசி, மீதிப் பேருக்குப் போலி ஊசி. நான்கு கிழமையில் 10 தடவை. பத்துத்தான், முப்பது இல்லை.

போலி ஊசி என்பது கெட்டிக்காரத்தனமான சாமான். முனை மழுங்கியது. தோலில் முட்டும், ஆனால் துளைக்காது. படுத்திருப்பவருக்கு ஏதோ குத்திய உணர்வு வரும். எது உண்மை, எது போலி என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு வந்து வலியை அளப்பவருக்கும் தெரியாது. குத்துகிறவருக்கு மட்டும் தெரியும். அதை எவராலும் மறைக்க முடியாது. இப்படிப்பட்ட ஆய்வுகளில் எப்போதும் கசிகிற ஓட்டை அதுதான்.

முடிவு என்னவென்றால், 0 முதல் 100 வரை போகும் அளவுகோலில் கால் வலி, உண்மை ஊசி போட்டவர்களுக்கு நான்காவது கிழமையில் சராசரியாக 30.8 குறைந்தது. போலி ஊசி போட்டவர்களுக்கு 14.9 குறைந்தது. இடைவெளி சுமார் 16. இருக்க, நிற்க, நடக்க, தூக்க எவ்வளவு முடிகிறது என்று கேட்டுப் போடும் புள்ளியிலும் 13.0க்கு 4.9 என்று உண்மை ஊசியே முந்தியது. ஒரு வருஷம் கழித்தும் வலியில் சுமார் 11 புள்ளி வித்தியாசம் நின்றது. பாரதூரமான பக்கவிளைவு எவருக்கும் இல்லை.

இது மதிக்கத்தக்க முடிவு என்பது என் எண்ணம். அதே வேளை அந்த 14.9ஐயும் பாருங்கள். துளைக்காத ஊசிக்கே அவ்வளவு குறைந்திருக்கிறது. கொஞ்சம் நாள் போனதால் வந்தது, கொஞ்சம் படுக்க வைத்து அக்கறையாகக் கவனித்ததால் வந்தது. ஊசியின் சொந்தப் பங்கு அந்த 16தான். 70இல் இருக்கும் வலி 54க்கு வருவது போல. பஸ்ஸில் பம்பலப்பிட்டி வரைக்கும் நிற்க முடியாதவர் கொள்ளுப்பிட்டி வரைக்கும் நிற்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புறக்கோட்டை வரைக்கும் போகுமென்று இந்த ஆய்வு உறுதி சொல்லவில்லை. முக்கியமாக, அந்த ஆய்வு பிரதானமாக அளந்தது வலியையும் நடமாட்டத்தையும். டிஸ்க் உள்ளே போனது என்பது அதன் முடிவு இல்லை. முதுகில் இறக்கும் மெல்லிய ஊசி டிஸ்க் இருக்கும் ஆழத்துக்குப் போவதும் இல்லை, போகவும் கூடாது.

ஒரே ஒரு ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஆடமாட்டேன். அதற்குக் காரணம் உண்டு. 1998இல் ஒரு குழு நாடு நாடாக அக்குபங்சர் ஆய்வுகளைப் பிரித்துப் பார்த்தது. சீனாவிலிருந்து வந்தவை எல்லாமே ‘வெற்றி’. ஒன்றுகூடத் தோற்கவில்லை. எந்த வைத்தியத்துக்கும் அப்படி நடக்காது என்பதால், அன்றிலிருந்து அங்கிருந்து வரும் நல்ல செய்தியை நாங்கள் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே படிக்கிறோம். 2024 ஆய்வு பழையவற்றைவிடப் பல மடங்கு ஒழுங்காகச் செய்யப்பட்டது. இன்னொரு நாட்டில் வேறு ஆட்கள் செய்து இதே முடிவு வந்தால் என் சந்தேகம் இன்னும் கரையும்.

ஜெர்மனியில் 2007இல் வந்த பெரிய ஆய்வும் நினைவுக்கு வருகிறது. அது டிஸ்க் கால் இழுவைக்கு இல்லை, நாட்பட்ட நாரி நோவுக்கு. 1,162 பேர். ஆறு மாதத்தில் உண்மை அக்குபங்சர் செய்தவர்களில் 47.6 வீதம் பேருக்கு நல்ல குணம். அக்குபங்சர் சொல்லும் புள்ளிகளை விட்டு வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்திக்கொண்டவர்களில் 44.2 வீதம். குளிசை, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்று வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 வீதம்தான். இந்த மூன்று இலக்கத்தையும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் வாதாடலாம். ‘எங்கே குத்தினாலும் ஒன்றுதானே, அப்படியென்றால் நாடியும் புள்ளியும் சும்மா கதை’ என்று ஒருவர் சொல்லலாம். ‘எப்படியோ, உங்கள் குளிசையைவிட அது மேல்தானே’ என்று மற்றவர் கேட்கலாம். இரண்டு பேரும் சொல்வது சரி. இங்கிலாந்தில் வைத்தியர்களுக்குச் சிகிச்சை விதிகள் வகுக்கும் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி 2009இல் நாரி நோவுக்கு அக்குபங்சரைச் சேர்த்தது, 2016இல் கால் இழுவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்று எடுத்துவிட்டது. அடுத்த வருஷமே அமெரிக்க மருத்துவர் கல்லூரி நாரி நோவுக்கு முதலில் செய்து பார்க்கக்கூடியவற்றில் ஒன்றாக அதைப் போட்டது. பெரியவர்களே இப்படிப் பிரிந்து நிற்கும்போது உங்கள் மச்சானுக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் வருவதில் என்ன இருக்கிறது!

கொழும்பில் இது புதிய சரக்கும் இல்லை. 1970களிலேயே டொக்டர் அன்ரன் ஜயசூரிய களுபோவில அரச வைத்தியசாலையில் அக்குபங்சர் செய்தார். அவரிடம் படிக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து போனார்கள். அதனால் இந்த ஊரில் ஊசி குத்துகிறவர்களில் ஒழுங்காகப் படித்துக் கைபழகியவர்களும் இருக்கிறார்கள், சில கிழமைப் பயிற்சியோடு போர்ட் மாட்டியவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் போன இடம் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. டிஸ்க்கை உள்ளே அனுப்புவதாகச் சொல்லி முப்பது தடவைக் காசை முதலில் கேட்கும் இடத்துக்கு என் தம்பியை நான் அனுப்பமாட்டேன்.

செய்துதான் பார்க்கப் போகிறீர்களென்றால் ஆராய்ச்சியில் செய்த மாதிரியே செய்யுங்கள். நான்கு கிழமை, பத்துத் தடவை, ஒவ்வொரு தடவைக்கும் அன்றன்றே காசு. தொடங்குவதற்கு முன் ஒரு கொப்பியில் இரண்டு விஷயம் எழுதி வையுங்கள்: காலி வீதியில் இளைப்பாறாமல் எத்தனை நிமிஷம் நடக்க முடிகிறது, இரவில் எத்தனை தடவை வலியில் எழும்புகிறீர்கள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு ஒருமுறை, பத்தாவதுக்குப் பிறகு ஒருமுறை எழுதிப் பாருங்கள். பத்து முடிந்தும் கொப்பி அசையவில்லையென்றால் பதினோராவதுக்குப் போகாதீர்கள். மறு ஸ்கானை வைத்து அளக்க வேண்டாம். ஒரு வலியும் இல்லாதவர்களைப் பிடித்து ஸ்கான் எடுத்தாலே 40 வயதுக்காரரில் பாதிப் பேருக்கும், 50 வயதுக்காரரில் 60 வீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கிறது. படம் அழகாகியும் வலி போகாமல் இருப்பதும் உண்டு, படம் அப்படியே இருக்க வலி போவதும் உண்டு.

கட்டிலில் படுக்குமுன் ஊசியின் உறையை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை குத்தி எறிகிற ஊசியாக இருக்க வேண்டும். நாரியிலும் முழங்காலுக்குப் பின்னாலும் குத்துவார்கள். பிட்டத்தில் ஒரு புள்ளிக்கு மட்டும் நீளமான ஊசி வரும், பயப்படாதீர்கள். கனமான, புளிப்பு மாதிரியான ஓர் உணர்வு பரவும், அதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். கூரான கரண்ட் காலில் இறங்கினால் உடனே சொல்லுங்கள், ஊசியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பதாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் இன்னொன்று: சில இடங்களில் மூலிகைத் திரி கொளுத்திச் சூடு காட்டுவார்கள். விறைத்த காலில் சூடு தெரியாது. கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். ஊசி சரி, சூடு வேண்டாம். வீட்டில் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒத்தடமும் அந்தக் காலுக்கு வேண்டாம்.

இப்போது எனக்கு அதைவிட முக்கியமான விஷயம். உங்கள் ரிப்போர்ட் எல்5 நரம்பைச் சொல்கிறது. அந்த நரம்பு பெருவிரலை மேலே தூக்குகிறது. இன்று இரவு கட்டிலில் காலை நீட்டி இருந்து, இரண்டு பெருவிரலையும் முகத்தை நோக்கி வளைத்துப் பிடியுங்கள். மனைவியை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அவற்றைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். வலது விரல் நின்று பிடிக்க, இடது விரல் சட்டென்று மடங்குகிறதா? பிறகு விரல்களைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, குதிக்காலில் அறைக்குள் பத்து அடி நடவுங்கள். இடது பாதத்தின் முன்பக்கம் தொங்குகிறதா? செருப்பு தட்டுப்படுகிறதா, கழன்று விழுகிறதா? அப்படியானால் அது வலி மட்டுமில்லை, நரம்பு பலம் இழக்கிறது. அக்குபங்சர், பிசியோதெரபி எல்லாவற்றையும் வைத்துவிட்டு அந்தக் கிழமையே உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரைப் பாருங்கள். நான் ஊசியைக் குறை சொல்வதானால் இதற்காகத்தான் சொல்வேன். ஊசி வலியைக் குறைத்துவிட, பலம் குறைவதைக் கவனிக்காமல் மாதங்கள் போய்விடும்.

கவட்டுப் பகுதி, அதாவது சைக்கிள் சீட்டில் படுகிற இடம், விறைத்தாலோ, சலம் போக முடியாமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் பலம் குறைந்தாலோ, விடியட்டும் என்று இருக்கக்கூடாது. 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அது மிகவும் அரிது. ஆனால் மணித்தியாலக் கணக்கில் முடிவு மாறும்.

ஒப்பரேஷனைப் பேயாக நினைக்க வேண்டாம். கனடாவில் 2020இல் வந்த ஆய்வு கிட்டத்தட்ட உங்கள் நிலையில் இருப்பவர்களை வைத்துத்தான் செய்யப்பட்டது. 4 முதல் 12 மாதமாகக் கால் இழுவை உள்ள 128 பேர். பத்துக்கு எத்தனை என்று கேட்டால், சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கியவர்களின் கால் வலி ஆறு மாதத்தில் 7.7இலிருந்து 2.8க்கு வந்தது. மற்றவர்களுக்கு 8.0இலிருந்து 5.2க்கு. இரண்டையும் பார்த்தால் காத்திருந்தாலும் குறைகிறது, வெட்டினால் இன்னும் அதிகமாகக் குறைகிறது. நான்கு மாதம் என்பது முடிவை நெருங்கும் நேரம். அதனால்தான் பத்துத் தடவைக்கு மேல் இழுக்காதீர்கள் என்கிறேன். முப்பது தடவை என்றால் இன்னும் மூன்று, நான்கு மாதம் அங்கேயே போய்விடும். நேரே சத்திரசிகிச்சை நிபுணரிடம் போய், இப்படிப் பத்துத் தடவை அக்குபங்சர் செய்து பார்க்கிறேன், ஆறு கிழமையில் உங்களிடம் வருகிறேன் என்று சொல்லித் திகதியையும் எடுத்து வையுங்கள். ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான வைத்தியர்கள் கோபிக்கமாட்டார்கள்.

பிரிகாபலினைப் பற்றிக் கேட்டீர்கள். ஊசிக்கு இவ்வளவு கணக்குக் கேட்டவன் எங்கள் குளிசைக்கும் கேட்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் செய்து 2017இல் வெளிவந்த ஆய்வில், கால் இழுவை உள்ள 209 பேரில் பிரிகாபலின், மருந்தே இல்லாத வெறும் மாக்குளிசையை வெல்லவில்லை. தலைச்சுற்றுத்தான் அதிகமாக இருந்தது. ஆகவே உங்களுக்கு வலியும் குறையவில்லை, கணக்கும் பிழைக்கிறதென்றால் நிறுத்துவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாளைக் காலையே சட்டென்று விடாதீர்கள். எழுதித் தந்தவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். அதுவரைக்கும் மோட்டார் சைக்கிள் வேண்டாம். நாரிக்குள் ஸ்டெரொயிட் ஊசி போடும் யோசனை யாராவது சொன்னால், அது சில நாட்களுக்குச் சீனியை ஏற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடையில் துணிக்கட்டைப் பையன்கள் தூக்கட்டும். நீங்கள் பட்டறைக்குப் பின்னால் நாள் முழுக்க இருக்காமல் அரை மணிக்கொருதரம் எழும்பி நடவுங்கள். படுக்கையில் கிடப்பது உதவாது.

ஆடிவேல் விஷயம். நடப்பது உங்கள் டிஸ்க்குக்குக் கெடுதல் இல்லை, நல்லது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை முழுவதும் வேண்டாம். கொப்பியில் எழுதிய நிமிஷத்தில் முக்கால்வாசி தூரம் தேரோடு வாருங்கள், மீதிக்கு ஓட்டோவில் முன்னுக்குப் போய்க் காத்திருங்கள். காவடி தூக்காதீர்கள், தேர்வடமும் இந்த வருஷம் வேண்டாம். அப்புறம், சீனி வருத்தத்தோடு விறைத்த பெருவிரல் இருக்கும்வரை வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. கோயில் வாசல் வரைக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இரவு வீட்டுக்கு வந்ததும் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பிடித்து மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள்.